விசிலுக்கு வந்த வெளிச்சம்

சத்தியம்! நான் சொல்லப்போவது அவ்வளவும் சத்தியம்! ஊரில் என்றால் சந்நிதி முருகன் வாசலில் கற்பூரம் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணியிருப்பேன். இங்கே கற்பூரம் இல்லை. ஆகவே இந்தக் கட்டடத்தின் அடியில் இராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கிற கொதிகலன்மேல் சத்தியம். அது நின்றால் நாங்கள் எல்லோரும் கல்லாய் உறைந்துவிடுவோம், அதைவிடப் பெரிய சாமி இந்தப் பக்கத்தில் கிடையாது. ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு வாசலில் நிற்கிற இரும்புக் கம்பியில் ஒட்டிக்கொள்ளட்டும். இது வெறும் பேச்சில்லை, இந்தக் குளிரில் நாக்கு உண்மையாகவே ஒட்டும். ஆகவே இங்கே சத்தியம் பண்ணுகிறவன் யோசித்துத்தான் பண்ணுவான்.

கனடாவின் வடக்கு ஓரத்தில், ஹட்சன் விரிகுடா தன் பனிக்கட்டிகளைக் கரையில் கொண்டுவந்து அடுக்கிவிட்டுப் போகிற ஓரிடத்தில், றோட்டே இல்லாமல் ரயில் மட்டும் நினைத்த நேரத்துக்கு வந்து போகிற ஒரு சின்ன ஊர். பேரைக் கேட்காதீர்கள். அந்த ஊருக்கு வெளியே ஒரு காலத்தில் ரொக்கட் விட்டார்கள். வானத்தில் பச்சைச் சேலை உலர்த்தினதுபோல ஆடுகிறதே துருவ ஒளி, அது எதனால் ஆனது, அதற்குள் என்ன இருக்கிறது என்று அறிய, படித்தவர்கள் கூடி வருஷக்கணக்காக அதன் வயிற்றில் ரொக்கட்டால் குத்திப் பார்த்தார்கள். பிறகு காசும் ஆவலும் தீர்ந்து எல்லோரும் போய்விட, கட்டடங்கள் காற்றோடு தனியே நின்றன. பிறகு வேறு மாதிரியான படித்தவர்கள் வந்து, அதே இடத்தை அறிவியல் நிலையம் ஆக்கினார்கள். கரடியை எண்ணுகிறவர்கள், பாசியைத் தடவுகிறவர்கள், பனிக்கட்டியை நக்கிப் பார்க்கிறவர்கள். ரொக்கட்டைப் பொருத்திய மண்டபத்தில் இப்போது நீள மேசைகள் போட்டு அவர்களுக்குச் சோறு போடுகிறோம். போடுகிறவன் நான், அருளம்பலம். ரொட்டி சுடுகிறவள், அறை கூட்டுகிறவள், என்னைத் திட்டுகிறவள் என் மனைவி இரத்தினேஸ்வரி, சுருக்கமாக ஈசு.

இங்கே வருமுன் ஸ்காபரோவில் மகள் வீட்டுப் பேஸ்மென்டில் இருந்தோம். மருமகன் தங்கமான பிள்ளை, குறை சொன்னால் வாய் அழுகும். ஆனால் அந்த நிலவறைக்கு ஒரேயொரு யன்னல், அதுவும் புல்லுக்குச் சமமாக. கோடையில் போகிறவர்களின் சப்பாத்து தெரியும், மாரியில் பனி மூடி அதுவும் தெரியாது. பேரப்பிள்ளை படியால் உருண்டுவிடும் என்று மேல்கதவை மருமகன் பொழுதுபட்டதும் அந்தப் பக்கத்தால் பூட்டுவார். 'ளக்' என்று ஒரு சத்தம். அதைப் பற்றி ஈசு ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. ஆனால் தமிழ்ப் பத்திரிகையில் 'வடக்கே சமையல்வேலை, தங்குமிடம் இலவசம்' என்று கண்டவுடன், வடக்கு என்றால் எவ்வளவு வடக்கு என்றுகூடக் கேட்காமல் பெட்டி கட்டியவள் அவள்தான்.

வந்து இறங்கின அன்றே அவள் கண்ட முதல் அதிசயம், இந்த ஊரில் ஒருவரும் கதவைப் பூட்டுவதில்லை. வீடு, கடை, கார், தேவாலயம், ஒன்றுமே. பனிக்கரடி துரத்தினால் ஓடுகிறவன் எந்தக் கதவில் கைவைத்தாலும் அது திறக்கவேண்டும், அதுதான் இங்கத்தைச் சட்டம். அப்படி ஓடிவந்தவனிடம் அவன் சூடாக ஏதாவது குடித்து முடிக்கும்வரை, நீ ஆர், என்னத்துக்கு வந்தாய் என்று ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது, அது அதைவிடப் பெரிய சட்டம். ஈசு அன்று எங்கள் அறைக் கதவைத் திறந்து, மூடி, திறந்து, மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இஞ்சாருங்கோ, நான் சாகும்வரை இஞ்சதான்" என்றாள்.

அப்படியிருக்க, ஒரு மாரி தொடக்கத்தில், நிலையத் தலைவி சொலாஞ்ச் மத்தியானச் சாப்பாட்டின்போது எழுந்து நின்றாள். பிரெஞ்சுக்காரி, மெல்லிய உடம்பு, கெட்ட செய்தி சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பாள். இங்கே எல்லோரும் பேசுவது இங்கிலீசு; நான் எங்கட தமிழில் தருகிறேன், என் வாயில் வேறு தமிழ் வராது.

"வசந்தத்தோட நிலையத்தை மூடுகினமாம்," என்றாள். "புதுசா ஒண்டும் நடக்கேல்லையாம். சனம் வருகுதில்லையாம்."

கரண்டிகள் நின்றன. ஈசு ரொட்டித் தட்டை மேசையில் வைத்தாள். "அந்தப் பேஸ்மென்டுக்கு நான் திரும்பிப் போகமாட்டன்" என்று எனக்கு மட்டும் கேட்க, தமிழில் சொன்னாள். நான் பார்ப்போம் என்றேன்.

அந்தக் கிழமைதான் மகள் அனுப்பிய பிரஷர் குக்கர் ரயிலில் வந்து சேர்ந்தது. பருப்பு இந்தக் குளிரில் வேக மறுக்கிறது என்று நான் போனில் அழுததன் பலன். மூன்று மணிக்கே பொழுதுபடுகிற காலம். சமையலறை யன்னலைக் கொஞ்சம் நீக்கி வைத்து, பருப்பை ஏற்றினேன். குக்கர் ஒரு விசில் அடித்தது. இரண்டு அடித்தது. மூன்றாவது விசில் அந்தத் தட்டையான பனிவெளி முழுக்க ஓடி, கடல்வரை போய்த் திரும்பி வந்தது.

முன்கதவு திறந்தது. துருவ ஒளி உள்ளே வந்தது.

பச்சையாக, விளிம்பில் கொஞ்சம் நாவல் நிறமாக, கூரை தாழ்வாக இருந்ததால் மூன்று நாலாக மடிந்து குனிந்து, கால்மிதியில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மேசைகளுக்கு மேலால் மெல்ல மெல்ல வந்து, பாத்திரங்கள் அடுக்கிய மூலையில் ஒதுங்கிக்கொண்டது, கலியாணவீட்டுக்குத் தெரியாமல் வந்துவிட்ட ஆள் சுவரோடு சாய்ந்து நிற்பதுபோல. பாசி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் கதவைச் சாத்தச் சொன்னார், குளிர் வருகிறதாம்.

அன்று எங்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நோரா. கிறீ என்ற பூர்வகுடி இனத்துப் பெண், ஊரின் கரடிக் காவல்காரி, தோளில் கரடி விரட்டுகிற துவக்கு, வாயில் எப்போதும் பகிடி. அவள் மட்டும் கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னாள், "என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறீங்கள்? வந்த ஆளுக்குச் சூடா ஏதும் குடுங்கோ."

சட்டம் சட்டம்தானே. ஈசு இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி கொண்டுபோய் அதன் அடியில் வைத்தாள். ஒளி கோப்பைமேல் குனிந்தது. தேத்தண்ணி பச்சையாகி, பிறகு தெளிந்த தண்ணியாகி, பிறகு இல்லாமலே போனது. "சீனி காணுமே, மோனை, இன்னும் போடட்டே?" என்று கேட்டாள் ஈசு. அன்றிலிருந்து அது அவளுக்கு மோனைதான், பெற்ற மகனைப்போல.

அது போகவில்லை. மறுநாளும் இருந்தது, அடுத்த கிழமையும் இருந்தது. ஊர் அதைத் தன் பாட்டில் கலந்துகொண்டது, தேத்தண்ணியில் சீனியைப்போல. பகலில் அது பட்டுச்சேலைபோல மடிந்து, மண்டபக் கூரையடியில் பழைய ரொக்கட்டைத் தூக்கிய உருக்குச் சட்டத்தின்மேல் படுத்திருக்கும். பொழுதுபட எழும்பி மண்டபம் முழுக்க உலாவும். பள்ளிக்கூட ஆசிரியை தன் வகுப்பை இங்கே கொண்டுவந்தாள், இந்த வெளிச்சத்தில் படித்தால் பிள்ளைகள் கணக்கை மறப்பதில்லை, ஆனால் விடையை எல்லாம் பாட்டாகச் சொல்கிறார்கள் என்று. பின்னல்காரப் பெண்கள் வந்தார்கள், அவர்களின் கம்பளி நூல் தானாக எழும்பி நின்றதால் வேலை பாதியாகக் குறைந்தது, கதை இரட்டிப்பானது. போதகர் முதலில் அதை நோயாளிகளுக்கான ஜெபத்தில் சேர்த்தார், வந்து பார்த்துவிட்டு நல்ல சுகமாகத்தானே இருக்கிறது என்று எடுத்துவிட்டார். ஹொக்கிக் குழு இரண்டாகப் பிரிந்து, பச்சை எங்கள் நிறம் என்று ஒரு பகுதி கொடி பிடித்தது, நாவல்நிற விளிம்பு எங்களது என்று மறுபகுதி. என் வெள்ளைச்சோறு மெல்லிய பச்சையாக இறங்கத் தொடங்கியது. முதலில் முகம் சுளித்தவர்கள் பிறகு வெள்ளையாகப் போட்டால் நேற்றையதா என்று கேட்டார்கள். கரடிகள்கூட வந்தன, துரத்தவில்லை, கிட்டவும் வரவில்லை, யன்னலுக்கு வெளியே பனியில் வரிசையாகக் குந்தியிருந்து படம் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, முடிந்ததும் எழுந்து போயின.

ஈசுவோ தும்புத்தடியோடு அதன் கீழ் நின்று, "காலைத் தூக்கு மோனை, கூட்டவேணும்" என்பாள். அது தன் விளிம்பைத் தூக்கும். இதை நான் என் இரண்டு கண்ணாலும் கண்டேன், நாக்கு பத்திரமாகத்தான் இருக்கிறது.

சனம் ரயில் ரயிலாக வந்து இறங்கியது. கட்டில் போதாமல் ஆராய்ச்சிக்காரர்கள் அலுமாரிக்குள் படுத்தார்கள். நிலையத்தை மூடுவதாகச் சொன்ன தலைநகரத்து அரசாங்கக் கந்தோரிலிருந்து விற்மோர் என்ற மனுசன் நேரே வந்தார். உயரமான ஆள், நகரத்துக் கோட்டு, ஊருக்குப் பொருந்தாத சப்பாத்து. ஒளியை நிமிர்ந்து பார்த்தார். சந்தோஷத்தில் சொலாஞ்சின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார். "இது இருக்கும்வரை நிலையம் இருக்கும்" என்றார். ஈசு அன்று எல்லோருக்கும் கேசரி கிண்டினாள். பேஸ்மென்ட் எங்களை விட்டுத் தூரப்போனது.

ஆனால் வெளியே வானம் கரிச்சட்டியானது. அந்த மாரி முழுக்க மேலே ஒரு கீற்றுமில்லை. தூரத்தில் பொறி வைக்கப் போகிறவர்கள் தலைக்கு மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து நொந்து திரும்பினார்கள். இன்னும் வடக்கே, பனிக்குள் இருக்கிற ஒரு குடியிருப்பிலிருந்து போன் வந்தது, யாரோ மிக மரியாதையான ஒரு மனுசி, "எங்கட வெளிச்சம் உங்களிட்ட நிக்குதாம். பார்த்து முடிஞ்சால் அனுப்பிவிடுவீங்களே?" என்று கேட்டாள். சொலாஞ்ச் கண்ணாடியைத் துடைத்தாள்.

ஒளியும் மெலிந்தது. விளிம்பு நூல்நூலாகப் பிரிந்தது. உருக்குச் சட்டத்தின் மேலிருந்து எழும்ப நேரம் எடுத்தது. ஒரு மாலை நோரா சமையலறை வாசலில் வந்து நின்றாள். குக்கர் விசில் அடித்தது. வெளியே போகப் பார்த்துக் கதவடியில் நின்றிருந்த ஒளி, இழுபட்டுத் திரும்பி வந்தது. நோரா குக்கரைப் பார்த்தாள், ஒளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அட குசினிக்காரா!" என்றாள். "சின்னனில எங்கட அம்மா சொல்லுவா, அதைப் பார்த்து விசில் அடிக்காதை, இறங்கி வந்திடும் எண்டு. அந்த மனுசர் அத்தினை வருஷமா ரொக்கட் விட்டும் வராத ஒண்டை, நீ பருப்புக்கு விசிலடிச்சுக் கூப்பிட்டிருக்கிறாய்!"

"நான் அடிக்கேல்லை. குக்கர்தான் அடிச்சது."

"அப்ப குக்கருக்குச் சொல்லு, நிப்பாட்டச் சொல்லி. ஒவ்வொரு நாளும் அது போகப் பார்க்குது, நீ ஒவ்வொரு நாளும் கூப்பிடுறாய். தேத்தண்ணி குடிச்சு முடிஞ்ச விருந்தாளி அது."

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? மறுநாள் இரண்டு தரம் பருப்பு அவித்தேன். விசில் நின்றால் ஒளி போகும். ஒளி போனால் நிலையம் போகும். நிலையம் போனால் புல்லுக்குச் சமமான அந்த யன்னல். ஈசு என் முகத்தைப் பார்த்தாள். கடலையும் ஊறப்போட்டேன்.

இதற்கிடையில் விற்மோருக்கும் பயம் வந்துவிட்டது. ஒளி கதவடியில் போய்ப் போய் நிற்பதைக் கண்டார். கோட்டுப் பைக்குள்ளிருந்து ஒரு ஆமைப்பூட்டை எடுத்தார், நகரத்திலிருந்து கொண்டுவந்தது, பித்தளை, முஷ்டியளவு. மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க, முன்கதவின் உட்பக்கக் கொண்டியில் அதை மாட்டினார்.

'ளக்.'

அந்த ஊரில் அப்படியொரு சத்தம் அதுவரை கேட்டதில்லை. பின்னல்காரப் பெண்கள் ஊசியை நிறுத்தினார்கள். நோரா எழுந்து நின்றாள். "ஐயா, இஞ்ச கதவு பூட்டுறேல்லை."

"பின்கதவால போய் வரலாம்தானே," என்றார் விற்மோர்.

"ஓடி வாறவனுக்குப் பின்கதவு எங்க எண்டு தெரியுமே?"

"இது உங்கட நன்மைக்குத்தான். அது போனால் நீங்கள் எல்லாரும் போகவேணும்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை.

ஒளி உருக்குச் சட்டத்திலிருந்து இறங்கியது. பட்டப்பகலில் அது இறங்குவதில்லை. கதவடிக்குப் போய், பூட்டுக்கு முன்னால் நின்றது. தள்ளவுமில்லை, தட்டவுமில்லை. கதவு பிறகு எப்போதாவது திறக்கும் என்று நம்புகிறவர்கள் நிற்பார்களே, அப்படி நின்றது.

ஈசுவின் கையில் குழம்புக் கரண்டி இருந்தது. அதை மெதுவாக மேசையில் வைத்தாள். எனக்குத் தெரியும், அவள் காதில் இப்போது எந்தக் கதவு பூட்டிய சத்தம் கேட்கிறதென்று. சமையலறைக்குள் போனாள். உறைந்த மீன் பிளக்கிற கோடரியோடு வந்தாள்.

"இஞ்சாரும்," என்றேன். "யோசியும். பேஸ்மென்ட்."

"யோசிச்சிட்டன்."

"பிறகு எனக்குச் சொல்லக்கூடாது..."

"நீங்கள் தள்ளி நில்லுங்கோ. மோனை, நீயும் தள்ளி நில்."

ஒளி தள்ளி நின்றது. நானும்தான். முதல் அடி கதவில் பட்டது, இரண்டாவது பித்தளையில் பட்டுப் பொறி பறந்தது, மூன்றாவது அடியில் கொண்டியோடு பெயர்ந்து பூட்டு விற்மோரின் சப்பாத்தடியில் உருண்டது. அவள் கோடரியைச் சுவரில் சாத்தினாள், சமையலறைக்குப் போய்க் குக்கரின் விசில் குண்டைக் கழற்றி, சட்டைக்குள் செருகிக்கொண்டாள். பிறகு வந்து கதவை அகலத் திறந்து, "போயிட்டு வா" என்றாள்.

அது உடனே போகவில்லை. வந்த ஆள் சொல்லிக்கொண்டு போகவேண்டாமா? மேசைக்கு மேசை வந்தது. ஒவ்வொருவருக்குள்ளாலும் ஒரு தரம் போனது, என் எலும்பிலெல்லாம் யாரோ மணி கட்டி ஆட்டினதுபோல இருந்தது. சொலாஞ்ச் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். விற்மோருக்குள்ளாலும் போனது, அவரை மட்டும் தவிர்க்கவில்லை. கடைசியாக ஈசுவைச் சுற்றி ஒரு முறை மடிந்து, கூறைச்சேலைபோல அவள் தோளில் கிடந்து, பிறகு அவிழ்ந்து வெளியே போனது. நாங்கள் எல்லோரும் வாசலில் நின்றோம். மேலே போகப் போக அது விரிந்தது, விரியத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் அதை எவ்வளவு சின்னதாக மடித்து வைத்திருந்தோம் என்று தெரிந்தது. பகல் வெளிச்சத்திலும் வானம் பச்சையானது. கரடிகள் எழுந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. வடக்கேயிருந்து அதே மனுசி. "வந்து சேர்ந்தது. பெரிய உபகாரம்."

விற்மோர் பூட்டைப் பொறுக்கினார். அது வளைந்துபோயிருந்தது. "வசந்தம்வரை பொறுக்கத் தேவையில்லை," என்றார். "நாளைக்கே மூடுறம்." சொலாஞ்ச் தலையசைத்தாள். நாங்கள் பெட்டி கட்டினோம். ஈசு பாடிக்கொண்டே கட்டினாள், அதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் ஒரு கட்டடத்தை மூடுவதென்றால், அவர்களின் கந்தோர் முறைப்படி, அதைப் பூட்டவேண்டும். பூட்டாத கட்டடம் மூடிய கட்டடமாகாது. நோரா விற்மோரைத் தன் வண்டியில் ஏற்றிக் கடைகடையாகக் கொண்டுபோனாள். முதல் கடைக்காரர் கேட்டார், "பூட்டோ? உள்ளுக்கு ஆரை வைக்கப்போறீங்கள்?" மற்றவர் பூட்டு என்றால் என்ன என்றே தெரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டார், அப்படி நடிக்கிற முகம் ஸ்காபரோவில்கூடக் கிடைக்காது. கடைசிக் கடைக்குத் தான் நடந்தே போவதாகக் கோபித்துக்கொண்டு இறங்கினார் மனுசன். தேவாலயத்து மூலையில் திரும்பினார். அங்கே ஒரு கரடி, குப்பைத் தொட்டியிலிருந்து தலையை எடுத்து அவரைப் பார்த்தது.

நகரத்துச் சப்பாத்தோடு அவர் ஓடிய ஓட்டத்தை ஊர் இன்னும் பேசுகிறது. முதல் கண்ட கதவில் விழுந்தார். அது திறந்தது. உள்ளே யாரோ ஒரு கிழவனும் கிழவியும், இவரை வாழ்க்கையில் கண்டதில்லை. உட்காரக் கதிரை காட்டினார்கள். மீன் சூப் வார்த்தார்கள். குடித்து முடிக்கும்வரை ஆர், எவர், எங்கே இருந்து, ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்த பிறகு கேட்டதும், இன்னும் கொஞ்சம் வார்க்கட்டோ என்றுதான்.

பொழுதுபட நோரா அவரைக் கொண்டுவந்து விட்டாள். அவர் கோட்டைக் கழற்றாமல் போனடியில் நின்று தலைநகரத்தோடு கதைத்தார். நாங்கள் எல்லோரும் கேட்காததுபோலக் கேட்டோம்.

"இல்லை சேர், மூடேலாது... இல்லை, பூட்டு இல்லை... ஓம், ஊர் முழுக்கக் கேட்டிட்டன்... அனுப்புங்கோ, ரயிலில அனுப்புங்கோ... எப்ப வருமோ தெரியாது சேர், இந்த ரயில் அப்பிடி." பிறகு போனை வைத்துவிட்டு, ஆரையும் பார்க்காமல், "பருப்பு மிச்சம் இருக்கோ?" என்று கேட்டார்.

விசில் இல்லாமல் அவித்த பருப்பு, பாதி வேகாதது. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பூட்டு இன்னும் வரவில்லை. அனுப்பினார்கள், மெய்தான், ரயில்காரர் அதை ஏதோ ஒரு தரிப்பில் மறந்து இறக்கிவிட்டாராம். மற்றொன்றும் அனுப்பினார்கள், அதுவும் அப்படியே. சொலாஞ்சின் தலை நரைத்துவிட்டது. நாங்கள் இன்னும் மூடப்படப்போகிற நிலையத்தில்தான் வேலை செய்கிறோம், வருஷக்கணக்காக. பொழுதுபட ஈசு கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் அண்ணாந்து நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் நானும் நிற்பேன். யாருக்கு நன்றி சொல்லுவது என்று ஒரு வரிசை வைத்தால் முடிவே வராது: ஊருக்கா, நோராவுக்கா, விற்மோருக்குச் சூப் வார்த்த அந்த இரண்டு பேருக்கா, ரயில்காரரின் மறதிக்கா. அதனால் நாங்கள் ஒன்றும் சொல்லாமல் நிற்போம். குளிர் தாங்காமல் போனால் உள்ளே வருவோம்.

கதையை நீங்கள் ஆருக்கும் சொல்லுங்கோ, தாராளமாகச் சொல்லுங்கோ. ஆனால் தலைநகரத்தில் அந்தக் கந்தோர் இன்னும் இருக்கிறது, பூட்டுக் கடைகளும் இருக்கின்றன. ஆர் சொன்னது என்று கேட்டால், ரயிலில் பக்கத்துச் சீற்றில் இருந்த ஒரு கிழவன், பேர் கேட்குமுன் இறங்கிவிட்டான் என்று சொல்லிவிடுங்கோ. என்ன, சொல்லுவியள்தானே? ஈசு, இவருக்கு இன்னுமொரு தேத்தண்ணி கொண்டு வாரும்.